பப்வா சியூகோலம்: புகைப்படத்துக்கு வெளியே

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்கும்போது, சிறிது சமாதானம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டியிருக்கிறது. அதிலும் கோல்ஃப் வீரர் என்றால் கேட்கவே வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்குக் கோல்ஃப் என்பது மதில் சுவருக்கு அப்பால் யாரோ ஆடும் ஆட்டம். தமிழ்த் திரைப்படங்களில் ஒருவரைச் செல்வந்தர் என்று காட்ட வளைந்த மாடிப்படி எதற்குப் பயன்பட்டதோ, அதற்கே கோல்ஃப் மட்டையும் பயன்பட்டது. அந்த மதிலுக்கு உள்ளே நுழைய ஒரு மனிதர் பட்ட பாட்டையும், நுழைந்தபின் அங்கே அவர் செய்துகாட்டியதையும் பற்றியது இக்கட்டுரை என்பதால், வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

அவர் பெயர் பப்வா சியூகோலம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தைச் சேர்ந்தவர், இந்திய வம்சாவளியினர். 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றவர். ஆனால் உலகம் அவரை இந்த வெற்றிகளுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு புகைப்படத்துக்காக வைத்திருக்கிறது. 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனை அவர் வென்றார். அதில் ஆடிய வெள்ளையர் அனைவரையும் வென்ற அவர், கிளப் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதால் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் படம் பல நாடுகளின் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. நிறவெறி அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை விளக்கங்களையும் அந்த ஒரு படம் பொய்யாக்கிற்று.

படம் உண்மையானது. அது வெளிவந்திருக்கவே வேண்டும். எனினும் அந்தப் படத்தோடு பப்வாவை முடித்துவிடுவது அவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி என்பதே நம் கருத்து. முதல் அநீதியை இழைத்தவர்கள் அவருடைய பகைவர்கள். இரண்டாவதை இழைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்மேல் இரக்கம் கொண்ட நாம்.

*

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட முதல் கூட்டம் அதில் இருந்தது. 1911இல் அந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இவ்வாறு நேட்டாலுக்குப் போயினர். சென்னையிலிருந்து போனவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. கல்கத்தாவிலிருந்து போனவர்கள் போஜ்புரியும் அதையொட்டிய மொழிகளும் பேசினர். பப்வாவின் முழுப்பெயர் சியூசங்கர் சியூகோலம். சிவசங்கர் என்ற பெயர், வட இந்தியக் கிராமத்தார் வாயிலும் ஆங்கிலேய எழுத்தரின் பேரேட்டிலுமாக இப்படி மாறிற்று. நேட்டால் இந்தியரிடையே இவ்வாறு உருத்திரிந்த பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் முதலியார்களும் கவுண்டர்களும் அங்கே மூட்லிகளாகவும் கவெண்டர்களாகவும் ஆன வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

உம்கேனி ஆற்றையொட்டிய பகுதியில் வளர்ந்த பப்வாவுக்குப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. கடைசிவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பீச்வுட் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக வேலைக்குச் சேர்ந்தார். கேடி என்பவர் ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு உடன் நடப்பவர். ஆனால் சுமப்பது மட்டுமே அவர் வேலை அன்று. குழி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்த வாட்டத்தில் சாய்ந்திருக்கிறது, பந்து விழுந்தபின் எந்தப் பக்கம் உருளும் என்பதையெல்லாம் நொடியில் கணித்து ஆட்டக்காரரிடம் சொல்ல வேண்டும். மைதானத்தின் உரிமையாளரைக் காட்டிலும் உறுப்பினரைக் காட்டிலும் அந்த நிலத்தை அறிந்தவர் கேடிதான். கடற்கரையையொட்டிய டர்பனில், காலையில் ஒரு திசையில் வீசும் காற்று மாலையில் வேறு திசையில் வீசும். அதைப் படிக்க எழுத்தறிவு தேவையில்லை.

நம் சங்கீத மரபில் ‘கேள்வி ஞானம்’ என்று ஒன்றைச் சொல்வோம். குருவிடம் முறையாகப் பயிலாமல், கேட்டுக் கேட்டே வந்த தேர்ச்சி. கேடிச் சிறுவர்களுக்கு வாய்ப்பது பார்வை ஞானம். ஆயிரக்கணக்கான அடிகளை அருகிலிருந்து பார்க்கிறார்கள். எது நல்ல அடி, எது கெட்ட அடி, ஏன் என்று அறிகிறார்கள். மட்டையைத் தொடும் வாய்ப்பு மட்டும் அரிதாகவே கிடைக்கிறது.

இதில் இந்தியாவின் கதையும் வேறன்று. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே பட்டத்தை வென்ற சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். 1829இல் வெள்ளையர் தமக்கெனத் தொடங்கிய கிளப் அது. செல்வந்தர்களின் ஆட்டம் என்று நாம் ஒதுக்கித் தள்ளும் ஒன்றை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் பலர், அந்தச் செல்வந்தர்களின் பையைச் சுமந்தவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தாம்.

*

பப்வாவின் கைகளைப் பற்றிப் பேசாமல் அவரது ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

வலக்கைப் பழக்கமுள்ள கோல்ஃப் வீரர் மட்டையைப் பிடிக்கையில் இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்கும். ஹாரி வார்டன் காலந்தொட்டுப் பயிற்சி நூல்கள் அனைத்தும் இதையே இலக்கணமாக வகுத்துள்ளன. பப்வாவின் பிடி நேர்மாறானது. வலக்கை மேலே, இடக்கை கீழே. ஒரு சிறுவனின் கையில் கோலைக் கொடுத்து யாரும் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டால் அவன் இப்படியும் பிடிக்கக்கூடும். எந்த ஆசிரியரும் முதல் நாளிலேயே அதைத் திருத்தியிருப்பார். பப்வாவுக்கு ஆசிரியர் இல்லை. திருத்தப்படாத அந்தப் பிடியே அவர் பாணியாயிற்று.

அமெரிக்கக் கறுப்பின வீரர்களான ஹோவர்ட் வீலரும் சார்லி ஓவன்ஸும் இதே தலைகீழ்ப் பிடியில் ஆடியவர்கள். இது தற்செயல் அன்று என்றே நினைக்கிறோம். கற்பிக்கும் கூடத்தின் கதவு எங்கெல்லாம் அடைக்கப்பட்டதோ, அங்கெல்லாம் கைகள் தம் வழியைத் தாமே கண்டுகொண்டன. இன்னொன்றையும் கவனிக்கலாம். குழியருகே பந்தை மெல்ல உருட்டும்போது இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பது பின்னாளில் பரவலாயிற்று. ஜிம் ஃபியூரிக் 2003இல் அமெரிக்க ஓப்பனை அப்படித்தான் வென்றார். 2015இல் மாஸ்டர்ஸையும் அமெரிக்க ஓப்பனையும் வென்ற ஜோர்டன் ஸ்பீத்தும் அவ்வாறே பிடித்தார். பெரிய வீரர் செய்யும்போது உத்தி. கேடிச் சிறுவன் செய்தபோது அறியாமை. இலக்கணத்தை மீறியவர் யார் என்பதைப் பொறுத்தே அது பிழையா புதுமையா என்று முடிவாகிறது. இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பப்வாவைப் பற்றிச் சொல்லக் கேட்கும் தமிழர் எவருக்கும் ஏகலைவன் நினைவுக்கு வருவான். நமக்கும் வந்தான். ஆனால் அந்த உவமை பொருந்தவில்லை. ஏகலைவன் துரோணரின் மண் உருவத்தை வைத்து வணங்கிப் பயின்றவன். கேட்டபோது கட்டைவிரலைக் கொடுத்தவன். பப்வா எவர் உருவத்தையும் வைத்துப் பயிலவில்லை. அவரிடம் எவரும் விரலைக் கேட்கவும் இல்லை. விரல்கள் பத்தும் இருக்க, மைதானத்தைப் பறித்துக்கொண்டார்கள். புராணம் தரும் ஆறுதலான ஒரு தியாகக் கதைக்குள் இதை அடைத்துவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை.

*

1950களின் இறுதியில் கிரஹாம் வுல்ஃப் என்ற வெள்ளையர் பப்வாவின் ஆட்டத்தைக் கண்டார். ‘ஆயில் ஆஃப் ஓலே’ என்ற முகப்பூச்சை டர்பனில் உருவாக்கிய வேதியியலாளர் அவர். பப்வா அவருடைய தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1959இல் வுல்ஃப் தம் சொந்தச் சிறு விமானத்தில் பப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே தி ஹேக் நகரில் டச்சு ஓப்பனை பப்வா வென்றார். அதற்கு அடுத்த ஆண்டு ஐந்தோவனில் மறுபடியும் வென்றார்.

‘ஓப்பன்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தகுதியுள்ள எவரும் பங்கேற்கலாம் என்பதே அதன் பொருள். பப்வாவின் சொந்த நாட்டிலும் ‘ஓப்பன்’ போட்டிகள் நடந்தன; அவை அவருக்குத் திறந்திருக்கவில்லை. சொல்லின் நேர்ப்பொருளைத் தேடிக்கொண்டு அவர் பாதி உலகைக் கடக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இடமும் வியப்புக்குரியது. ‘அபார்ட்ஹெய்ட்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த ஆஃப்ரிகான்ஸ் மொழி, டச்சு மொழியின் கிளை. அந்தத் தாய்மொழியின் நாட்டில்தான் இந்தக் கூலியின் பேரன் கோப்பையை வாங்கினார், கூரையின் கீழ் நின்று. அவர் இரண்டாம் முறை வென்ற 1960ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டு 69 பேர் இறந்தனர்.

வுல்ஃபின் உதவி பெரியது. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆனால் பப்வாவின் கதை சொல்லப்படும் முறையில், நல்ல வெள்ளையர் ஒருவர் கண்டெடுத்த வைரம் என்ற தொனி அடிக்கடி தலைகாட்டுகிறது. வுல்ஃப் வழங்கியது பயணம். 72 குழிகள், பழக்கமில்லாத குளிர், பழக்கமில்லாத புல், ஐரோப்பாவின் தேர்ந்த தொழில்முறை வீரர்கள் என்ற அத்தனைக்கும் முன்னே நின்றவை பப்வாவின் கைகள் மட்டுமே. கோல்ஃபில் எதிராளி என்று ஒருவர் நேரே நிற்பதில்லை. எதிராளியின் பிழையால் வெல்லலாம் என்று காத்திருக்க முடியாது. தன் பந்தைத் தானே அடித்து, தன் எண்ணிக்கையைத் தானே குறைக்க வேண்டும். ஒரு முறை வெல்வதை அதிர்ஷ்டம் எனலாம். மூன்று முறை வென்றவரிடம் அந்தச் சொல் செல்லாது.

*

வெளிநாட்டில் பட்டம் பெற்றவரை உள்நாட்டில் முற்றாகத் தள்ளிவைப்பது அரசுக்குச் சங்கடமாயிற்று. எனவே அனுமதிச் சீட்டு என்ற வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் சில போட்டிகளில் ஆட மட்டும் பப்வாவுக்கு அனுமதி தந்தார்கள். மைதானத்தில் நடக்கலாம், பந்தை அடிக்கலாம், வெல்லவும் செய்யலாம். உடை மாற்றும் அறைக்குள்ளும் உணவுக்கூடத்துக்குள்ளும் வரக் கூடாது. உடை மாற்றவும் உண்ணவும் அவருக்கு அவர் வண்டியே இடம்.

நிறவெறியின் நுட்பம் தடையைக் காட்டிலும் இந்த அனுமதியில்தான் தெளிவாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறோம். ஆடுவது உழைப்பு, அதைக் கறுப்பரும் இந்தியரும் செய்யலாம், ஏனெனில் உழைப்பை அவர்களிடமிருந்து வாங்கியே பழக்கம். புல்லை வெட்டுகிறார்கள், பையைச் சுமக்கிறார்கள், வேண்டுமானால் பந்தையும் அடிக்கட்டும். கட்டடத்துக்குள் நுழைவது உறவு. உடன் அமர்வது, உடன் உண்பது, உடன் நீர் அருந்துவது. சட்டம் அஞ்சியது அங்கேதான். 1963இன் மழை இந்தக் கோட்டை எல்லோர் கண்ணுக்கும் காட்டிவிட்டது. வெயில் நாளாக இருந்திருந்தால் புல்வெளியில் நடந்த ஒரு பரிசளிப்பு விழா என்று அது கடந்து போயிருக்கும்.

இதைத் தூர தேசத்துக் கொடுமை என்று பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புணேயில் இந்து அணிக்காகப் பந்து வீசிய பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால் இடைவேளைகளில் ஆட்டக்காரர் கூடத்துக்கு வெளியே, மண் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தார். சாதி இந்துக்கள் தொட்ட அதே பந்தைத்தான் அவரும் தொட்டார். பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் அவர். டர்பனின் அனுமதிச் சீட்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே நாம் அதை எழுதாமலே நடைமுறைப்படுத்தியிருந்தோம்.

*

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அந்த அனுமதியை பப்வா ஏற்றிருக்க வேண்டுமா?

கேள்வியைக் கேட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். தென்னாப்பிரிக்காவில் இனபேதமற்ற விளையாட்டுக்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ். 1963இல், பப்வா மழையில் நின்ற அதே ஆண்டில், தப்பிக்க முயன்றபோது ஜொஹானஸ்பர்க் தெருவில் முதுகில் சுடப்பட்டு, பின்னர் ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டவர் அவர். இத்தகையவர்களின் போராட்டத்தின் விளைவாகவே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தென்னாப்பிரிக்காவுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே அந்நாடு விலக்கப்பட்டது. 1973இல் டர்பனில் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், அனுமதிச் சீட்டு பெற்று ஆடுவதையே தவறு என்று அறிவித்தது. சமூகம் சீர்கெட்டிருக்கையில் விளையாட்டு மட்டும் சீராக நடப்பதுபோல் நடிப்பது அரசுக்குச் செய்யும் உதவி என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. வரலாறு பெருமளவு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கோல்ஃப் பப்வாவுக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கையிலிருந்த ஒரே தொழில். மறுப்பு ஓர் அறம்தான். ஆனால் மறுக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கும் மறுத்தால் அடுப்பெரியாத நிலையில் இருப்பவருக்கும் அதன் விலை ஒன்றன்று. கிரிக்கெட் வீரர் பேசில் டொலிவேரா 1960இல் இங்கிலாந்துக்குப் போய் அந்நாட்டு அணியில் இடம்பிடித்தார். 1968இல் அவரைச் சுற்றி எழுந்த சர்ச்சை உலகறிந்தது. பப்வா ஐரோப்பாவில் வென்றும் டர்பனுக்கே திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டில் எது தைரியம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இரண்டு, அந்தப் புகைப்படமே அனுமதிச் சீட்டிலிருந்து பிறந்தது. அவர் ஆட மறுத்திருந்தால் மழையும் இல்லை, கோப்பையும் இல்லை, படமும் இல்லை. வேறுவிதமாகவும் சொல்லலாம்: அவர் தோற்றிருந்தால் படம் இல்லை. பத்தாவது இடத்தில் முடித்த ஓர் இந்தியரை எந்த அரசும் பெருமிதத்தோடு காட்டியிருக்கும்; எங்கள் நாட்டில் எல்லோரும் ஆடுகிறார்கள் பாருங்கள் என்று. அவர் வென்றதால்தான் அந்த ஏற்பாடு அம்பலமாயிற்று. இதைத்தான் அவர்மேல் இரக்கப்படுவோர் காணத் தவறுகிறார்கள். அந்தப் படத்தின் ஆற்றல் மழையிலிருந்து வரவில்லை, அதற்கு முந்தைய கடைசி அடியிலிருந்து வருகிறது.

*

1963ஐ மழையின் ஆண்டாக நினைவுகூர்வோர், அதே ஆண்டில் அவர் செய்த பிறவற்றை அரிதாகவே குறிப்பிடுகிறார்கள். அவ்வாண்டின் தென்னாப்பிரிக்க ஓப்பனில் ரெட்டீஃப் வால்ட்மனிடம் ஒரே ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். நாட்டின் முதன்மைப் பட்டம், கைக்கெட்டிய தூரத்தில் போயிற்று. பின் இங்கிலாந்தின் ராயல் லிதமில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடி, சமநிலையில் 13ஆம் இடம் பெற்றார். அந்தப் போட்டியை வென்ற நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ், பெரும் பட்டம் ஒன்றை வென்ற முதல் இடக்கை ஆட்டக்காரர். இடக்கையாளர் ஒருவர் வரலாறு படைத்த களத்தில், தலைகீழாகக் கைவைத்தவர் ஒருவரும் உலகின் முதல் பதினைந்து பேருக்குள் நின்றார் என்பது கோல்ஃபின் இலக்கண நூலுக்கு நல்ல அடிக்குறிப்பு.

1964இல் டச்சு ஓப்பனை மூன்றாம் முறையாக வென்றார். 1965இல் நேட்டால் ஓப்பன் மீண்டும் டர்பனில். இம்முறை அவர் வீழ்த்தியது கேரி பிளேயரை. பிளேயர் யார் என்பது கோல்ஃப் அறியாதவர்க்கும் ஓரளவு தெரிந்திருக்கும். அதே 1965இல் அமெரிக்க ஓப்பனை வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற மூன்றாவது வீரர் என்ற பெருமையைப் பெற்றவர். உலகின் தலைசிறந்த மூவரில் ஒருவராக அன்று எண்ணப்பட்டவரை, அந்த நாட்டின் மண்ணிலேயே ஒரு முன்னாள் கேடி வென்றார்.

அரசு இதற்கு மேல் பொறுக்கவில்லை. பொது நிகழ்ச்சிகளில் பல இனத்தார் கலந்திருப்பதைக் கட்டுப்படுத்தும் பிரகடனம் 1965இல் வந்தது. 1966இல் நாட்டின் பெரும் போட்டிகள் அனைத்திலிருந்தும் பப்வா விலக்கப்பட்டார். கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது, உள்ளேயும் ஆட முடியாது, வெளியேயும் போக முடியாது. கோல்ஃப் வீரர்கள் தம் முப்பதுகளில்தான் முழு வலிமையோடு ஆடுகிறார்கள். பப்வாவின் அந்த ஆண்டுகளை அரசு எடுத்துக்கொண்டது. 1978இல், ஐம்பது வயதை எட்டுமுன், வறுமையில், மாரடைப்பால் அவர் இறந்தார்.

கேரி பிளேயரை இக்கதையின் வில்லனாக்குவது எளிது. 1966இல் வெளிவந்த தம் நூலில் அவர் அரசின் நிறவெறிக் கொள்கையை ஆதரித்து எழுதினார். பின்னர் அந்நிலையைக் கைவிட்டு, நிறவெறியைக் கண்டித்துப் பேசினார். 1971இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆட வைத்ததும் அவரே. பார்வையாளர்களைப் பிரித்து அமர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்டர் வந்தார். மனிதர்கள் மாறுவதுண்டு, மாறியதை ஒப்புக்கொள்வதே நியாயம். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. பிளேயருக்கு மாறுவதற்கு ஒரு நீண்ட வாழ்க்கை வாய்த்தது. 1971இல் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஆட முடிந்தபோது, டர்பனில் இருந்த பப்வாவுக்கு ஐந்து ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

அமெரிக்காவும் மார்தட்டிக்கொள்ள இயலாது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி அந்நாட்டுத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் 1961வரை இருந்தது. அதை எதிர்த்து நின்ற சார்லி சிஃபர்ட், தம் நாற்பதுகளில் 1967இலும் 1969இலும் பெரிய பந்தயங்களை வென்றார். 2014இல், 92ஆம் வயதில், அதிபரின் கையால் விருது பெற்றார். சிஃபர்டுக்கும் இளமை பறிபோனது. ஆனால் திருத்தம் நடக்கையில் அதைக் காண அவர் உயிரோடு இருந்தார். பப்வாவுக்கு அதுவும் இல்லை.

*

நினைவின் இந்தக் கோணல் நமக்குப் புதிதன்று. பாரதியைத் திருவல்லிக்கேணி யானையோடும் புதுமைப்பித்தனை அவர் கடைசி நாட்களின் வறுமையோடும் சேர்த்து நினைப்பவர்கள் ஏராளம். பக்கங்களைப் புரட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எண்ணினால் மனம் சோர்கிறது. துயரம் எளிதில் நினைவில் நிற்கிறது. அதை நினைக்க உழைப்புத் தேவையில்லை. ஒரு பெருமூச்சு போதும். படைப்பை நினைக்க வேண்டுமென்றால் அதைப் படிக்க வேண்டும். கோல்ஃப் வீரரின் படைப்பு அவர் அடிகள். காற்றில் எழுதி அழிவன. ஆகவே அவற்றைத் தேடித் தொகுத்துச் சொல்பவர்களின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் அந்தப் பணி தொடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. நீதிபதியாக இருந்த கிறிஸ்டஃபர் நிக்கல்சன் 2005இல் பப்வாவின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நாவலாசிரியர் மாக்சின் கேஸ் 2015இல் இன்னொரு நூலை எழுதினார். டர்பனில் நகராட்சியின் கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு, உம்கேனி ஆற்றங்கரையில், பப்வாவின் பெயர் சூட்டப்பட்டது. தான் வளர்ந்த ஆற்றின் கரையிலேயே, அனுமதிச் சீட்டு கேட்காத ஒரு மைதானம் அவர் பெயரில் அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. கடல் கடந்த இந்தியர்களைப் பற்றி அடிக்கடி உணர்ச்சிவசப்படும் நம் மொழியில் அவரைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று கேட்டுக்கொள்வதும் நன்று. ஒப்பந்தக் கூலிகளின் கண்ணீரை எழுதிய அளவுக்கு, அவர்களின் பேரப்பிள்ளைகள் எதில் எவ்வளவு வல்லவர்களாக இருந்தார்கள் என்பதை நாம் எழுதவில்லை.

சி.எல்.ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட்டைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் அதே 1963இல்தான். ஆட்டத்தை அறிய ஆட்டத்துக்கு வெளியே உள்ளதையும் அறிய வேண்டும் என்பது அந்நூலிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம். ஆனால் ஜேம்ஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு வெளியே மட்டும் பேசியவர் அல்லர். மட்டையின் வீச்சையும் காலின் நகர்வையும் ஒரு சிற்பத்தைப் பற்றிப் பேசும் அக்கறையோடு பேசியவர். பப்வாவுக்கு நாம் கேட்பதும் அவ்வளவே. அடுத்த முறை அந்தப் படத்தை எங்கேனும் பார்க்க நேர்ந்தால், மழையைப் பார்த்தபின் அவர் கைகளையும் பார்க்க வேண்டும். வலக்கை மேலே, இடக்கை கீழே என்று மட்டையைப் பிடித்து, அந்த மைதானத்தில் இருந்த எல்லோரைக் காட்டிலும் குறைவான அடிகளில் பந்தைக் குழியில் சேர்த்த கைகள் அவை. கோப்பை அவர் கைக்கு வந்தது அதனால்தான்.